ஒலிவத் தீவில் ஓய்வு நாட்கள்

பயணம் என்றதும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நினைவில் முதலில் எழுவது திருத்தலமே. வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், பூண்டி மாதாவுக்கு நேர்ச்சை, ஓரியூரின் செம்மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ள ஒரு பயணம் என்று, நம்முடைய விடுமுறைகள் யாவும் ஏதேனும் ஒரு பீடத்தின் முன் சென்று முடிகின்றன. இது நல்ல வழக்கமே. இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், ஓய்வுக்காகவே, வேறெந்தக் காரணமும் காட்டாமல், ஓரிடத்துக்குச் சென்று தங்குவது தகுமா என்னும் கேள்வி 2025-ஆம் ஆண்டில் நம்மை மிகவும் அலைக்கழித்தது.

அது யூபிலி ஆண்டு. உரோமாபுரிக்குத் திருப்பயணம் செல்லும் பேறு நமக்குக் கிட்டியது. இத்தாலி நாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றிவரும் நம் குருமட நண்பர், “திருப்பயணம் முடிந்தபின் ஒரு வாரம் என்னோடு கோர்ஃபு தீவுக்கு வந்து இளைப்பாறிச் செல்லுங்கள்” என்று அன்புடன் எழுதியிருந்தார். புறப்படும் நாளில் நம் உபதேசியார் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்: “உரோமாபுரி சரிங்க சாமி. அந்தத் தீவுல எந்த மாதா கோயிலுங்க?”

“பழைய நண்பரைப் பார்க்கப் போகிறோம்” என்று விடையளித்தோம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. ‘ஓய்வெடுக்கப் போகிறோம்’ என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவ்வாறு சொல்ல ஏன் கூசினோம் என்பதே கப்பல் பயணம் முழுவதும் நம் உள்ளத்தில் முள்ளாய் உறுத்திற்று.

கடல் நடுவே ஒரு சோலை

இத்தாலியின் தென்கிழக்குக் கரையிலுள்ள பிரிந்திசித் துறைமுகத்தில் இரவு கப்பலேறினோம். விடியற்காலையில் மேல்தளத்துக்கு வந்து நோக்கியபோது, இடப்புறம் அல்பேனிய நாட்டு மலைகள் சாம்பல் நிறத்தில் வறண்டு நின்றன. வலப்புறத்திலோ, கடல்மேல் விழுந்த ஒரு நீண்ட இலையைப் போலக் கோர்ஃபு பச்சைப்பசேலெனக் கிடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட கடல், குறுகலான இடத்தில் சில கிலோமீட்டர் அகலமே உடையது.

கிரேக்கர் இத்தீவைக் கெர்கிரா என்று அழைக்கின்றனர். அயோனியக் கடலில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமும், 590 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. சுமார் ஓர் இலட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். கிரேக்கத் தீவு என்றவுடன் வெண்சுவர் வீடுகளும் வெயிலில் வெந்த பாறைகளுமே நம் மனக்கண்முன் தோன்றும். கோர்ஃபுவோ அவ்வாறன்று. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை இங்கே பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சு வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் மழை அரிது. எனவே, ஆகஸ்டில் வரும் விருந்தினர் கண்டு மகிழும் பசுமை, அவர்கள் வந்து பாராத மாதங்களில் பெய்த மழையின் கொடையாகும்.

பசுமைக்கு மற்றொரு காரணம் மனித உழைப்பு. 1386 முதல் 1797 வரை இத்தீவு வெனிசு குடியரசின் ஆட்சியில் இருந்தது. எண்ணெய்த் தேவையை நிறைவு செய்ய விரும்பிய வெனிசு ஆட்சியினர், ஒலிவ மரங்களை நடும் குடியானவர்களுக்கு வெகுமதிப் பணம் தந்தனர். அன்று நடப்பட்டவற்றின் வழிவந்த பல இலட்சம் மரங்கள் இன்று மலைச்சரிவெங்கும் காடெனப் படர்ந்துள்ளன. பிற இடங்களில் ஒலிவ மரத்தைக் கிளை கழித்துக் குட்டையாக வைப்பர். இங்கே நம் ஊர்ப் புளிய மரங்களைப் போல் ஓங்கி வளர விடுகின்றனர். கைக்கெட்டாத உயரத்தில் காய்க்கும் கனியை ஏறிப் பறிப்பதில்லை. தானே உதிரட்டும் என்று மரத்தடியில் வலை விரித்துக் காத்திருப்பர். நாம் சென்ற கோடையில் அவ்வலைகள் சுருட்டப்பட்டு அடிமரங்களின் அருகே கருமூட்டைகளாய்க் கிடந்தன. அவை விரிக்கப்படுவது விருந்தினர் எல்லாரும் ஊர் திரும்பிய பின்னரே.

மணலும் மலையும்

நாம் தங்கிய விடுதி மேற்குக் கரையில், ஒரு மலைச்சரிவில் இருந்தது. நான்கே அறைகள் கொண்ட அவ்வீட்டைக் கணவரை இழந்த அறுபது வயது அம்மையார் ஒருவர் நடத்திவந்தார். அவரைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

மேற்குக் கரையில் கிளிஃபாதா, ஆயியோஸ் கோர்திஸ் முதலிய மணற்பாங்கான கடற்கரைகள் உள்ளன. வடகிழக்குக் கரையிலோ வெண்கூழாங்கற்கள். தெற்கே கொரிசியோன் என்னும் உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடையே மணற்குன்றுகள் வரிசையிட்டு நிற்கின்றன. அங்கே காற்று பலமாதலால், பாய் கட்டிய பலகைமீது நின்று இளைஞர்கள் அலைமேல் பறக்கின்றனர். பலையோகாஸ்திரிட்சா என்னுமிடத்தில் பாறைகள் கடலுக்குள் கால் நீட்டி, சிறு சிறு குடாக்களை அமைத்துள்ளன. அங்குள்ள நீர் பளிங்கைப் போல் தெளிந்தது. ஆகஸ்டு வெயிலிலும் எலும்பைத் தொடும் குளிர்ச்சி உடையது. சிலர் துடுப்புப் படகில் குகைகளுக்குள் சென்று வருகின்றனர். சிலர் மூச்சுக்கருவி பூண்டு கடலடியில் மீன்களைக் காண்கின்றனர். அக்கரைக்கு மேலே, குன்றின் உச்சியில், 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட தேவதாயின் துறவற மடம் ஒன்று இருக்கிறது. ‘எந்த மாதா கோயில்?’ என்ற உபதேசியாருக்குச் சொல்ல ஒரு விடை கிடைத்ததென்று நமக்குள் நகைத்துக்கொண்டோம்.

நடக்க விரும்புவோருக்கும் குறைவில்லை. தீவின் தென்முனை முதல் வடகரை வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை ஒன்றை அடையாளமிட்டு வைத்துள்ளனர். ஒலிவத் தோப்புகளினூடும் பழைய கழுதைப் பாதைகளினூடும் செல்லும் அப்பாதையில் இரு நாட்கள் நடந்தோம். வேறொரு நாள் தீவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு, பெரும்பகுதி காரிலும் எஞ்சியதை நடந்தும், சென்றோம். 906 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்குப் பாந்தோக்ராத்தோர் என்று பெயர். ‘அனைத்தையும் ஆள்பவர்’ என்பது பொருள். உச்சியில் ஆண்டவரின் பெயரால் ஒரு மடம். அங்கிருந்து நோக்கினால் தீவு முழுவதும் காலடியில் கிடக்கிறது. கீழ்த்திசையில் அல்பேனியா கைக்கெட்டும் தொலைவில் தோன்றுகிறது. 1967-இல் மதத்தை முற்றிலும் தடை செய்து, கோயில்களையும் பள்ளிவாசல்களையும் மூடிய நாடு அது. அத்தடை 1990-இல் நீங்கியபின், அக்கரையிலிருந்து வேலை தேடி வந்தோர் பலர் இத்தீவின் விடுதிகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைத்துவருகின்றனர்.

ஆயினும் நம் கண்ணை மிகவும் கவர்ந்தவர் ஒரு தந்தை. கடற்கரையில் அவர் மல்லாந்து படுத்திருக்க, நான்கு வயது மகன் அவர் வயிற்றின்மேல் மணலைக் குவித்து ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து அவ்வழியே திரும்பியபோதும் அவர் அசையாமல் படுத்திருந்தார். கோட்டை மட்டும் வளர்ந்திருந்தது. அம்மனிதர் அந்த ஒரு மணி நேரத்தில் எதையும் சம்பாதிக்கவில்லை, எதையும் சாதிக்கவில்லை. தம் மகனுக்கு முழுமையாகக் கிடைத்திருந்தார்; அவ்வளவே. ஊழியம் முடித்துக் களைத்துத் திரும்பிய அப்போஸ்தலர்களை நம் ஆண்டவர் தனிமையான ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னது அன்றுதான் நமக்குப் புதிதாய் விளங்கிற்று. ஓய்வு என்பது சோம்பலுக்குச் சூட்டிய மறுபெயர் என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தோம். நம் கூச்சம் பாதி தீர்ந்தது.

வீட்டுக்கார அம்மையாரின் கேள்வி

மறுபாதி தீர்ந்துவிடாமல் அம்மையார் காத்தார்.

நாள்தோறும் விடியுமுன் அவர் எழுந்துவிடுவார். ரொட்டி, பாற்கட்டி, முட்டை, தேன் என்று விருந்தினருக்குக் காலையுணவு பரப்புவார். பின் நான்கு அறைகளையும் பெருக்கித் துடைத்து, விரிப்புகளைத் துவைத்து, மாலையில் இறைச்சி சமைத்து, இரவு பதினொரு மணிக்குக் கடைசித் தட்டைக் கழுவுவார். ஆனால் தமக்கென அவர் எடுத்துக்கொண்டதோ சிறிது ரொட்டியும் தக்காளியும் உப்பிட்ட ஒலிவக் காய்களுமே. உடல்நலம் குன்றியுள்ளதோ என நாம் கேட்டபோது நகைத்தார். ஆகஸ்டு முதல் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை, தேவதாயின் விண்ணேற்றப் பெருநாளுக்கு ஆயத்தமாகக் கீழைத் திருச்சபையினர் நோன்பு காக்கின்றனர். இறைச்சியும் முட்டையும் பாலும் அவர்களுக்கு விலக்கு. தாம் உண்ணாதவற்றை நாள்தோறும் தம் கையால் சமைத்து நமக்குப் பரிமாறியிருக்கிறார். அன்றிரவு இறைச்சி நமக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

“உங்களுக்கு ஓய்வு எப்போது அம்மா?” என்று கேட்டோம்.

“நவம்பரில்” என்றார் அவர். “ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எங்களுக்கு ஞாயிறு கிடையாது. நீங்கள் ஓய்வெடுக்கும் காலமே எங்கள் அறுவடைக் காலம்.” பின்பு தோப்பைச் சுட்டிக்காட்டி, “என் மரங்கள் என்னைவிடப் பாக்கியசாலிகள். சென்ற ஆண்டு நிறையக் காய்த்தன, இவ்வாண்டு இளைப்பாறுகின்றன” என்றார்.

ஒலிவ மரத்தின் இயல்பே அது. ஓராண்டு கிளை முறியக் காய்த்தால், மறு ஆண்டு பெயருக்கே காய்க்கும். உழவர் அதனை வையார். மரம் தன் வலிமையைத் திரட்டிக்கொள்கிறது என்றறிந்து காத்திருப்பர்.

உரையாடல் நம் ஊரைப் பற்றித் திரும்பிற்று. குருக்கள் மணம் புரியாத திருச்சபை நம்முடையது என்பதை அறிந்த அவர், “அங்கே உங்களுக்குச் சமைப்பது யார்?” என்று வினவினார். பங்கு இல்லத்தில் சமையல் செய்யும் ஓர் அம்மா இருக்கிறார் என்றோம்.

“அவருக்கு எந்த மாதம் விடுமுறை?”

நாம் விடையளிக்கவில்லை. நமக்கு விடை தெரியவில்லை. நாம் இப்பங்குக்கு வந்து நான்காண்டுகள் ஆகின்றன. அவரோ நமக்கு முன்பிருந்த குருக்களின் காலந்தொட்டே அவ்வடுப்பின் முன் நிற்பவர். ஞாயிறு மூன்று திருப்பலிகள் முடித்து நாம் பசியோடு வரும்போது உணவு சூடாக இருக்கும். அவர் எந்தத் திருப்பலியில் பங்கேற்றார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆயர் பின்னால் ஒரு நகரம்

ஆகஸ்டு 10-ஆம் நாள் ஞாயிறு, நகரிலுள்ள நம் மறைமாவட்டப் பேராலயத்துக்குச் சென்றோம். புனித யாக்கோபு, புனித கிறிஸ்தோபர் பெயரால் எழுந்த அவ்வாலயம் 1943-இல் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பெற்று, 1970 முதல் வழிபாட்டுக்குரியதாய் விளங்குகிறது. பலதேச முகங்கள் ஒன்றாய் மண்டியிட்டிருந்தன. முன்வரிசைகளில் விடுமுறைக்கு வந்தோர். கதவருகே வேலைக்கு வந்தோர். உணவுச்சாலைச் சீருடை அணிந்த ஓர் இளம்பெண் நற்கருணை வாங்கியவுடன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விரைந்து வெளியேறினாள். சிறிது நேரத்துக்கெல்லாம் நம்மைப் போன்ற யாரோ ஒருவருக்கு அவள் காப்பி கொண்டுவந்து வைத்திருப்பாள்.

மறுநாள் திங்கள், புனித ஸ்பிரிதோனின் பவனி. அம்மையார் காலையிலேயே கறுப்புடை அணிந்து கையில் மெழுகுதிரியுடன் நின்றார். “இன்று விரிப்பு மாற்றமாட்டேன், சமைக்கவும் மாட்டேன். துவைத்தவை அலமாரியில் இருக்கின்றன” என்று அறிவித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கச் சென்றார். நம் நண்பரும் நாமும் நம் படுக்கைகளை நாமே விரித்துக்கொண்டு, தட்டுகளைக் கழுவிவிட்டு நகருக்குச் சென்றோம். நாம் விரித்த விரிப்பு ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் கிடந்தது.

புனித ஸ்பிரிதோன் சைப்பிரசு தீவினர். ஆடு மேய்த்தவர், மணமாகி ஒரு மகளைப் பெற்றவர். ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின்னும் மந்தையை விடாமல் மேய்த்தார் என்பர். 325-இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கத்தில், ஒரே செங்கல்லில் மண்ணும் நீரும் நெருப்பும் ஒன்றித்திருப்பதைக் காட்டி மூவொரு கடவுளை அவர் விளக்கினார் என்பது மரபு. கொன்ஸ்தாந்திநோப்பிள் நகர் 1453-இல் வீழ்ந்தபின் அவரது திருவுடல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1716-இல் ஓட்டோமான் படை நகரை முற்றுகையிட்டுப் பின் விலகிச் சென்றதை அவரது பரிந்துரைக்கு உரியதாக்கி, ஆண்டுதோறும் ஆகஸ்டு 11-ஆம் நாள் நன்றிப் பவனி நடத்துகின்றனர்.

இரு பழங்கோட்டைகளுக்கு நடுவே அமைந்த அந்நகரின் குறுகிய தெருக்கள் மக்களால் நிறைந்திருந்தன. வாத்தியக் குழுவினர் துயரமும் பெருமிதமும் கலந்த இசையை மெல்ல முழக்கி முன்செல்ல, குருக்கள் சூழ, கண்ணாடிப் பேழையில் நின்ற நிலையில் புனிதரின் திருவுடல் எழுந்தருளி வந்தது. கடைக்காரரும் சமையற்காரரும் படகோட்டியரும் வாயிற்படிகளில் நின்று சிலுவை அடையாளம் வரைந்தனர். நீச்சலுடைமேல் துண்டு போர்த்திய விருந்தினர் சிலரும் அடக்கத்துடன் ஒதுங்கி நின்றனர். கூட்டத்தில் நம் அம்மையாரைக் கண்டோம். நான்கு மாதங்களுக்கும் மேலாக நிற்காத அந்தக் கால்கள் அப்போது அசையாமல் நின்றன.

நாமும் தெருவோரத்தில் நின்றோம். ஒரே திருமுழுக்கு, ஒரே விசுவாச அறிக்கை; எனினும் அவர்களுடைய பீடத்தில் நமக்கு இடமில்லை, நம் பீடத்தில் அவர்கள் அணுகுவதில்லை. நிசேயாச் சங்கத்தின் 1,700-ஆம் ஆண்டு நினைவில் அப்பிரிவு மேலும் வலித்தது. கிரேக்க நாட்டுக் கத்தோலிக்கர் தம் கீழைச் சகோதரரோடு ஒரே நாளில் உயிர்ப்புப் பெருவிழாவைக் கொண்டாடுகின்றனர் என்பது சிறிது ஆறுதல். பிரிவினைக்கு முன்பே வாழ்ந்த அந்த ஆயர் இருதரப்புக்கும் சொந்தமானவரன்றோ!

ஓய்வு யாருக்கு?

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையைக் குருமடத்தில் பலமுறை பயின்றோம். பங்கில் பலமுறை போதித்தோம். ஆயினும் அதன் பிற்பகுதியை நாம் விரைந்து வாசித்துக் கடந்துவிடுகிறோம். வீட்டுத் தலைவன் ஓய்ந்திருந்தால் போதும் என்று இறைவன் சொல்லவில்லை. அவனுடைய மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், அவன் வாசலுக்குள் தங்கும் அந்நியனும் அன்று இளைப்பாறவேண்டும். எகிப்தில் ஓய்வின்றி உழன்ற அடிமைகள் நீங்கள் என்பதை மறவாதீர்கள் என்று காரணமும் கூறினார். பிறருடைய உழைப்பின்மேல் விரித்துப் படுக்கும் படுக்கை முழுமையான ஓய்வு ஆகாது.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே! விடுமுறைக்குச் செல்லுங்கள். கடலோ மலையோ, அருகிலிருக்கும் ஆற்றங்கரையோ, உங்கள் வசதிக்கேற்ப ஓரிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அவர்கள் உங்கள்மேல் மணற்கோட்டை கட்டும்வரை பொறுமையாய்ப் படுத்திருங்கள். எந்த மாதா கோயில் என்று யாரேனும் கேட்டால் கூச வேண்டாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் நம் இல்லங்களில் மணக்கும் கறிக்குழம்பு யாருடைய ஓய்வை விறகாக எரித்து வெந்தது? வாரத்தில் மிகக் கடினமாக அடுப்படியில் உழைக்கும் நாள் ஞாயிறே என்று எத்தனை தாய்மார் சொல்லாமல் இருக்கின்றனர்!

ஊர் திரும்பிய மறுநாள் உபதேசியாரிடம் உண்மையைச் சொன்னோம்: “ஓய்வெடுக்கத்தான் போனோம்.” அவர் சிறிது நேரம் நம்மை உற்று நோக்கிவிட்டு, “நல்லதுங்க சாமி. முகம் தெளிஞ்சிருக்கு” என்றார்.

சமையல் செய்யும் அம்மாவிடம், இனி ஞாயிறுதோறும் வரவேண்டாம், ஊதியத்தில் குறைவிராது என்றபோது, அவர் முதலில் அஞ்சினார். ஏதோ குற்றம் கண்டு விலக்குகிறோம் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. முதல் ஞாயிறு நாமே உலை வைத்தோம். சோறு குழைந்துவிட்டது. ஆனால் இரண்டாம் திருப்பலியில், பெண்கள் பக்கத்து மூன்றாம் வரிசையில், மடித்த புடவையுடன் அவர் தம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்ததைப் பீடத்திலிருந்து கண்டோம்.